அடுத்த கட்டிலின் சளி

மேலப்பாளையத்தைத் தாண்டி முன்னீர்பள்ளம் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நூறு அடி நடப்பேன், ஒரு வேப்பமரத்தையோ மைல்கல்லையோ பிடித்துக்கொண்டு நிற்பேன், மூச்சு திரும்பியதும் இன்னொரு நூறு அடி. அம்பாசமுத்திரம் பஸ்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. கை காட்டினால் நிறுத்தியிருப்பார்கள். காட்டவில்லை. முந்தின நாள் டாக்டரம்மா சொன்னது மனதில் இருந்தது. என் நெஞ்சில் இருப்பது சாதாரண மாத்திரைக்குச் சாகாத காசநோய்க் கிருமி, மூடிய இடத்தில் ஆட்களோடு உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியை விட்டு ஓடிவருவது தப்பாக எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் யாருடைய பிள்ளைக்கோ பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவது தப்பாகத் தோன்றியது. அதனால் முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தேன்.

அம்பாசமுத்திரத்தில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. அங்கே போக நினைத்ததற்கு அதுதான் காரணம். நாற்பத்தொரு வயதுக்குள் நான் விட்டுவிட்டு வந்த இடங்கள் நிறைய. ஏழாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். சாத்தான்குளம் பக்கம் கருப்பட்டி மூட்டை ஏற்றினேன். தூத்துக்குடியில் உப்பு அள்ளினேன். குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு வேஷம் கட்டுபவர்களுக்கு சடைமுடியும் கிரீடமும் வாடகைக்கு விடும் கடையில் இருந்தேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். எங்கேயும் ஒரு வருஷம் தாண்டவில்லை. மூட்டையோடு பத்துப் படி ஏறினால் கண் இருட்டிக்கொண்டு வரும். உடம்பு வளையாத பயல் என்பார்கள். நானும் அப்படித்தான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். அவர்கள் போகச் சொல்வதற்கு முன்னால் நானே கிளம்பிவிடுவேன்.

திருப்பூரில் இருமல் பிடித்தது. மூன்று மாதம் இருமல் மருந்தைக் குடித்து ஓட்டினேன். ரத்தம் வந்ததும் ஊர்ப்பக்கம் ரயில் ஏறினேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேரும்போது என்னை எடைபோட்ட ஆள், மேடையில் ஏறி நிற்கச் சொல்லி இரண்டு தரம் பார்த்தான். இரண்டு நுரையீரலும் கெட்டுப்போயிருந்தன.

சேர்ந்த நாலாம் நாள் ஒரு நர்ஸ் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். சாத்தான்குளத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். காசநோய் முற்றியவர்களில் சிலருக்கு மாத்திரை நன்றாக வேலை செய்த பிறகும் மூச்சுத் திணறல் போவதில்லை, அது ஏன் என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி நடக்கிறது என்றார். சேர்ந்தால் எல்லாருக்கும் கொடுக்கும் அதே மாத்திரைதான். கூடுதலாக நெஞ்சையும் இருதயத்தையும் படம் எடுப்பார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சளியைச் சோதிப்பார்கள். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஒவ்வொரு பக்கமாக வாசித்துக் காட்டினார்.

"எலிக்கு மருந்து குடுத்துப் பாப்பாங்களே, அந்த மாதிரியா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"எலி கையெழுத்துப் போடுமா அண்ணாச்சி? நீரு போட்டாத்தான் ஆராய்ச்சி."

போட்டேன்.

அடுத்த கட்டில்காரர் போடவில்லை. அவர் குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே கடற்கரை ஊரைச் சேர்ந்தவர், படகுக்காரர், ஐம்பது வயது தாண்டியவர். "எங்க சாமியாரைக் கேக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடுததில்ல" என்று சொல்லிவிட்டார். அவருடைய மாதா கோயில் சாமியார் ஊரில் இல்லை. திரும்பி வந்த பிறகும் இவர் கேட்கவில்லை. அதனால் அவருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும் நடந்தது. சேரும்போது சோதித்ததில் அவருக்கு இருந்தது சாதாரணக் கிருமிதான். அடுத்த சோதனைக்கு நாள் இருந்தது.

ஆராய்ச்சியில் சேர்ந்ததில் முதலில் கிடைத்தது என் இருதயத்தைப் பற்றிய செய்தி. இருட்டறையில் படுக்கவைத்து, நெஞ்சில் குளிர்ந்த களிம்பைத் தடவி, ஒரு கருவியை வைத்து உருட்டினார்கள். உருட்டிய பெண் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். சிவப்பும் நீலமுமாக ஏதோ புகைந்துகொண்டிருந்தது.

"இருதயத்தோட மேல் அறை ரெண்டுக்கும் நடுவுல சுவர் இருக்கணும். உங்களுக்கு அதுல ஒரு ஓட்டை இருக்கு. பிறக்கும்போதே இருந்திருக்கு. சின்ன வயசுல ஓடினா மூச்சு வாங்குமா?"

"ஓடினதே இல்லம்மா."

"யாரும் டாக்டர்கிட்ட காட்டலையா?"

"சோம்பேறித்தனத்துக்கு எந்த டாக்டர்ட்ட காட்டுவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. காசநோய் முழுதாகக் குணமான பிறகு, நெஞ்சைக் கிழிக்காமலே, தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு மூடியைக் கொண்டுபோய் அந்த ஓட்டையை அடைத்துவிட முடியும், அதற்கு அவர்களே ஏற்பாடு செய்வார்கள் என்றார். ஆனால் முதலில் கிருமி போக வேண்டும். வார்டுக்குத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது கருப்பட்டிக் கடைக்காரரும் உப்பள மேஸ்திரியும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அந்தத் திரையைக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

இனி சளிக் கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோதனை நாளில் விடியற்காலையில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் கோப்பையைத் தருவார்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, முற்றத்தில் நின்று, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுத்துக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ளும் ஆள் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். "இது எச்சில். போய்ச் சளி கொண்டா" என்று திருப்பிவிடுவான். கோப்பையைக் கொடுத்த பிறகுதான் இட்லி. அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. வார்டில் நடைமுறை அப்படி ஆகியிருந்தது. எட்டு மணிக்கு மேல் இட்லி இருக்காது.

அதனால் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. சளி நிறைய வருகிறவன் வராதவனுக்குக் கொடுப்பான். சோப்பு கொடுப்பது மாதிரி, பல்பொடி கொடுப்பது மாதிரி. யாரும் அதைத் திருட்டுத்தனமாக நினைக்கவில்லை. கோப்பையை நிரப்பிக் கொடுப்பது வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்வது மாதிரி ஒரு காரியம், ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

இரண்டாவது மாதம் எனக்குச் சளி வரவில்லை. முற்றத்தில் நின்று அரைமணி நேரம் முக்கினேன். இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டான். அடுத்த கட்டில்காரர் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, இட்லி ஆறுது. இங்கன கொண்டா கோப்பையை."

ஒரே இருமலில் பாதிக் கோப்பை நிரம்பியது. "இன்னும் வேணுமாலே? கடல் மாதிரி கெடக்கு" என்று கேட்டார். வாங்குகிற ஆள் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இப்படிக் குடுக்கத் தெரியுதுல்லா? முதல்லயே குடுக்கதுக்கென்ன?" என்றான். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம்.

நாலு நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். என் கோப்பையில் கிருமி அப்படியே இருக்கிறது, அதுவும் மாத்திரைக்கு அடங்காத கிருமியாக மாறியிருக்கிறது என்றார். வேறு மாத்திரைகள், இன்னும் பல மாதங்கள். அந்த மாத்திரைகள் இருதயத் துடிப்பைத் தடுமாற வைக்கலாம், என் இருதயத்துக்கு அது கூடுதல் கவலை, அதனால் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும் என்றார். மூடி போடும் பேச்சை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம் என்று மென்மையாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் ஆறு மணிக்குப் பால் வண்டிக்காகக் கேட்டைத் திறந்தபோது வெளியே வந்துவிட்டேன்.

நடந்து வந்த சாலையில், தருவையில் ஒரு டீக்கடை இருந்தது. பாய் ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். நான் சாலையின் இந்தப் பக்கம் நின்று, காகிதக் கப்பில் ஒரு டீ வேண்டும் என்று கை காட்டினேன்.

"உள்ளே வந்து குடியும் வே. வெயில்ல எதுக்கு நிக்கீரு?"

"நெஞ்சு நோய். கிட்ட வரக் கூடாது பாய்."

அவர் டீயைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நான் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"நெஞ்சு நோய்ங்கீரு, ஒரு இருமலைக் காணோமே? எங்க மச்சானுக்கு இருந்துச்சு. நாலு தெரு தள்ளி வரும்போதே சத்தம் கேக்கும். உமக்கு மூச்சுதான் வாங்குது. ஹயாத்து கெட்டிவே உமக்கு, ஆயுசு நெறைய இருக்கு. பொய் சொல்லி லீவு போட்டுட்டு வந்தீரா?"

கப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஆமாம். இருமி மூன்று வாரம் ஆகியிருந்தது. ரத்தம் நின்று ஒன்றரை மாதம். ராத்திரி வேர்ப்பதில்லை. இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன், மூச்சுதான் முட்டியது, அது பிறந்ததிலிருந்து முட்டுகிறது. இருமல் வராததால்தானே எனக்குச் சளி வரவில்லை? சளி வராததால்தானே இன்னொருவரிடம் வாங்கினேன்? சோதித்தது என் சளி இல்லை.

சிரிப்பு வந்துவிட்டது. பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இன்னொரு டீ கேட்டேன். குணமாகிவிட்டது, அம்பாசமுத்திரத்துக்குப் பஸ்ஸிலேயே போகலாம் என்று நினைத்தேன். இரண்டாவது டீ பாதி குடித்தபோதுதான் மற்றது புரிந்தது. அது என் கிருமி இல்லை என்றால் அவருடையது. மாத்திரைக்குச் சாகாத கிருமி அவர் நெஞ்சில் இருக்கிறது. அவர் தினமும் காலையில் அதே மாத்திரையை எண்ணி விழுங்கிக்கொண்டிருக்கிறார். பத்து நாளாக அவருக்குச் சாயங்காலக் காய்ச்சல் திரும்பி வந்திருந்தது. "மழைக்கோப்புல்லா, வானம் மூடிக் கெடக்கு, அதான்" என்று போர்த்திக்கொண்டு படுத்தார். அவர் கிருமி என் பெயரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. என்னைத் தவிர.

எனக்கு இன்னொரு யோசனையும் வந்தது, அதை மறைப்பதற்கில்லை. கோப்பையில் ஏமாற்றியவன் என்று தெரிந்தால் ஆராய்ச்சியிலிருந்து என்னைத் தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டால் இருதயத்து ஓட்டையும் அப்படியே இருக்கும். சொல்லாமல் போனால் அவர் செத்துப்போவார். கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றேன். பிறகு அணைத்து வைத்திருந்த போனை எடுத்து உயிர் கொடுத்தேன். நர்ஸ் ஒன்பது தரம் கூப்பிட்டிருந்ததாகத் தகவல் வந்து விழுந்தது.

"எங்கன இருக்கீரு?" எடுத்ததும் இதுதான்.

"தருவையில. சிஸ்டர், அது என் சளி இல்ல."

"எது?"

"கோப்பையில குடுத்தது."

"அப்ப யாரு சளி அது?"

சொன்னேன். இட்லியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"கூறு கெட்ட ரெண்டு மூதிகளையும் பக்கத்துப் பக்கத்துல போட்டது எங்க தப்பு. அங்கனயே நில்லும். ஒரு அடி நகரக் கூடாது."

ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். பாய்க்கு டீக்காசை அவரே கொடுத்தார். திரும்பிப் போகும் வழியெல்லாம் திட்டினார். மேலப்பாளையம் வந்தபோது திட்டு முடிந்து, "இத்தனை தூரம் நடந்தா வந்தீரு, அந்த இருதயத்தை வச்சுக்கிட்டு?" என்று கேட்டார். அதற்கும் திட்டினார்.

டாக்டரம்மா திட்டவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி. "வார்டுல எத்தனை பேர் இப்படிச் செய்றாங்க?"

"எல்லாரும்தாம்மா."

அவர் மேஜைமேல் இருந்த சோதனைப் பட்டியலை மூடி வைத்தார். அதுவரை காலையில் வாங்கிய கோப்பைகளின் முடிவுகள் முழுவதையும் அவர்கள் தள்ளிவிட வேண்டியிருந்தது. எத்தனையோ பேருடைய எத்தனையோ வேலை. பிறகு நர்ஸைப் பார்த்து, "முதல்ல இட்லியை மாத்துங்க. சளி வந்தாலும் வராட்டாலும் நேரத்துக்குச் சாப்பாடு. வராதவங்களுக்கு ஆவி பிடிக்க ஏற்பாடு பண்ணலாம்" என்றார். என்னைத் தள்ளிவிடுவீர்களா என்று கேட்டேன். "உண்மையைச் சொன்ன ஒரே ஆளைத் தள்ளிட்டு யாரை வச்சு ஆராய்ச்சி பண்றது?" என்றார்.

உப்புத்தண்ணீர் ஆவியை மூச்சில் இழுக்கவைத்து, நர்ஸ் எதிரில் நின்று பார்க்க, என் நெஞ்சிலிருந்தே கொஞ்சம் சளி எடுத்தார்கள். கண்ணாடிச் சில்லில் பார்த்ததில் கிருமி தென்படவில்லை. ஆனால் குப்பியில் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி, அதற்கு ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை பழைய மாத்திரையே எனக்கு.

அடுத்த கட்டில்காரரின் கோப்பையை அவர் பெயரிலேயே சோதித்தார்கள். நான் நினைத்தது சரியாக இருந்தது. முன்பு ஒருமுறை மாத்திரை தொடங்கிவிட்டு, கடலுக்குப் போன நாட்களில் விழுங்காமல் விட்டிருக்கிறார். அதைச் சேரும்போது யாரிடமும் சொல்லவில்லை. அவரைத் தனி அறைக்கு மாற்றிப் புது மாத்திரைகள் தொடங்கினார்கள். இரண்டாவது நாள் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"வாலே, காட்டிக் குடுத்தவனே."

"கோவமா அண்ணாச்சி?"

"கோவம் இல்லாம? உனக்கு ஒரு வாய் இட்லி கெடைக்கட்டும்னு குடுத்தேன். நீ என்னை இந்த ஜெயில்ல போட்டுட்டே." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஏலே, நான் மட்டும் அன்னைக்குக் குடுக்காம இருந்திருந்தா, ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சிருக்குமாம். அது வரைக்கும் தாங்கியிருக்காதுன்னு அந்தம்மா சொல்லுதா."

"ஆமா."

"அப்ப என்னைக் காப்பாத்துனது நான்தாம்லே. நீ இல்ல."

அதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். மூன்றாவது வாரம் காய்ச்சல் விட்டது. நாலாவது வாரம், ஆஸ்பத்திரி மீன்குழம்பில் மீனும் இல்லை குழம்பும் இல்லை என்று சண்டை போடத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சிக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். சாமியாரைக் கேட்டீரா என்றேன். "அவருக்கு என்னலே தெரியும் சளியைப் பத்தி?" என்றார்.

அந்த ஆறு வாரமும் நான் எங்கும் ஓடவில்லை. கிளம்பத் தோன்றிய நாட்கள் உண்டு. கேட் வரைக்கும் போய், வாட்ச்மேனோடு பேசிவிட்டுத் திரும்புவேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பதிலுக்காக ஓரிடத்தில் காத்திருந்தேன்.

ஆறாவது வாரக் கடைசியில் நர்ஸ் வார்டு வாசலிலிருந்தே கத்தினார். "அண்ணாச்சி, குப்பி காலி! ஒண்ணும் முளைக்கல!" மற்ற கட்டில்காரர்கள், தங்களுக்கும் ஏதோ வந்தது மாதிரி எழுந்து உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா என் முகக்கவசத்தைக் காட்டி, "இனிமே இது வேண்டாம். நீங்க யார் பக்கத்துலயும் உட்காரலாம்" என்றார். இன்னும் நாலு மாத மாத்திரையை அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளலாம் என்று சீட்டு எழுதினார். அது முடிந்ததும் ஓட்டையை மூட வர வேண்டும். அதுவரை மூட்டை தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, ஓடக் கூடாது.

"பேசலாமா?"

"எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்."

மத்தியானம் பஸ் ஏறினேன். ஜன்னலோர இடம் இருந்தும் நடுவில் உட்கார்ந்தேன். சேரன்மகாதேவியில் ஒரு பெண் ஏறி, மடியில் கிடந்த குழந்தையின் காலை என் தொடைமேல் நீட்டிவிட்டாள். காலை நகர்த்தாமல் அம்பாசமுத்திரம் வரை அப்படியே வந்தேன்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மினிபஸ் டிரைவர் புலம்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறவன் இரண்டு நாளாக வரவில்லையாம். கூப்பிட ஆள் இல்லாவிட்டால் ஜனம் முன்னால் நிற்கும் வண்டியில் ஏறிவிடுகிறதாம். நான் செய்யட்டுமா என்று கேட்டேன். அவர் என் நெஞ்சுக்கூட்டைப் பார்த்தார்.

"உம்ம உடம்புல சத்தம் எங்கன வே இருக்கு? கத்தும், பாப்போம்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஜனங்களுக்கு நடுவில் போய் நின்றேன். முதல் கூப்பாடு தொண்டையிலேயே உடைந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். வாயை நன்றாகத் திறந்து மறுபடி கத்தினேன். "கல்லிடைக்குறிச்சி! வீரவநல்லூர்! ஏறு, ஏறு, எடம் இருக்கு!" காய்கறிக் கூடையோடு ஓர் அம்மா ஏறினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பாமல், இன்னும் நாலு பேருக்குக் கத்தச் சொன்னார்.